பார்வை திரும்பாதவருக்கும் செய்ய வேண்டியது உண்டு



கண்புரை அறுவை சிகிச்சையைப் பற்றி இம்மடலில் நீங்கள் பலமுறை வாசித்திருக்கிறீர்கள். கட்டு அவிழ்த்த காலையில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் பாட்டியின் படத்தைக் கண்டு மகிழ்ந்தும் இருப்பீர்கள். இம்முறை, அந்தப் படத்தில் இடம் பெறாதவர்களைக் குறித்து எழுதுகிறோம்.

நீரிழிவினால் விழித்திரை பழுதடைந்தவர்கள் உண்டு. குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயால் பார்வை நரம்பு பட்டுப்போனவர்கள் உண்டு. பரம்பரையாக வரும் விழித்திரை நோயினால், இளவயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கி வருடாவருடம் பார்வை சுருங்கி வருகிறவர்கள் உண்டு. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்களும் உண்டு. இவர்களிடத்தில் மீதியிருக்கிற பார்வையைக் காப்பாற்ற டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். இழந்த பார்வையைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் முடிவதில்லை.

"இனி மருந்தினால் ஆகாது" என்று டாக்டர் சொல்லும்போது அவர் கண்ணைப் பற்றிச் சொல்லுகிறார். வீட்டாருடைய காதிலோ அது ஆளைப் பற்றிச் சொன்னதாக விழுகிறது. ஊர் திரும்பியதும், அடுப்பங்கரைக்கு வரவேண்டாம் என்கிறார்கள். தனியே வெளியே போகவேண்டாம், பணத்தை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அன்பினாலேதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் நேற்று வரை குடும்பத்தை நடத்தின ஒரு தாய் இன்று திண்ணையின் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆறுதல் பணியில் இருக்கிற எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களில் அநேகருடைய துக்கம் இதுவே. ஒளி போனதைவிட, வேலை போனதே அவர்களுக்குப் பெரிய பாரமாயிருக்கிறது.

அந்த வேலையைத் திரும்பக் கொடுப்பதற்குச் சிறு கருவிகள் பல இருக்கின்றன. சிலவற்றுக்குப் பணமே வேண்டாம். அவை எவை, எப்படிப் பயன்படுகின்றன, நல்ல கருவிகூடச் சில வீடுகளில் ஏன் பரணுக்குப் போய்விடுகிறது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

மீதியிருக்கும் பார்வை

கண் தெரியாதவர் என்றால் முழு இருட்டில் இருக்கிறவர் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர்களில் அநேகருக்குக் கொஞ்சம் பார்வை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விரண்டு நிலைகளையும் தனித்தனியே கூறுகிறது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 3/60-க்குக் கீழே இருந்தால் அது பார்வையின்மை. 6/18 முதல் 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. 3/60 என்பதன் பொருள் இதுதான்: நல்ல கண்ணுள்ளவர் 60 மீட்டர் தூரத்தில் அடையாளம் காணும் எழுத்தை, இவர் 3 மீட்டர் தூரத்துக்கு வந்தால்தான் காணமுடியும். பார்வைப் பரப்பு மிகவும் சுருங்கிப்போனவர்களையும் சட்டம் இந்த வகைகளில் சேர்க்கிறது.

இந்த மீதிப் பார்வையைத் தள்ளிவிடலாகாது. ஆகவே குறைபார்வைப் பிரிவில் பயிற்சியாளர் முதலாவது ஒரு கேள்வி கேட்கிறார்: "நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயுவுக்கும் முதலில் கேள்விதான் வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் செய்தித்தாள் வாசிக்க விரும்புகிறார். மற்றொருவருக்கு அது வேண்டாம். அரிசியில் கல் பொறுக்கவேண்டும். ஒரு தையற்காரருக்கு ஊசியில் நூல் கோர்க்கவேண்டும். ஒரு மாணவிக்குக் கரும்பலகை தெரியவேண்டும். கருவியைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பதிலைக் கேட்ட பிறகே.

காசில்லாமல் ஆகும் காரியங்கள்

முதலாவது, கிட்டத்தில் பிடித்தல். புத்தகத்தை 40 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் எழுத்து கண்ணுக்கு இரண்டு மடங்காகும். 10 சென்டிமீட்டருக்கு வந்தால் நான்கு மடங்காகும். கிட்டத்தில் வைத்து வாசித்தால் கண் இன்னும் கெட்டுப்போகும் என்று பள்ளியிலும் வீட்டிலும் பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். குறைபார்வையுள்ள பிள்ளைக்கு அதனால் கேடில்லை; அதுவே அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த கருவி. முதியவர்களின் கண் அவ்வளவு கிட்டத்தில் குவியாது. அவர்களுக்கு அதற்கென்று கண்ணாடி வேண்டும்.

இரண்டாவது, வெளிச்சம். கூரையிலுள்ள விளக்கைவிட, தோளுக்குப் பக்கத்திலிருந்து தாளின்மேல் விழும் சிறு விளக்கு அதிகம் உதவும். அது கண்ணுக்குள் அடிக்கலாகாது. வெயிலில் கண் கூசுகிறவர்களுக்கு முன்புறம் விளிம்புள்ள தொப்பி நல்லது.

மூன்றாவது, நிற வேறுபாடு. பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு இருந்தால் குறைபார்வையுள்ளவருக்குச் சோறு எது, தட்டு எது என்று தெரியாது. அதே சோறு பச்சை வாழையிலையில் இருந்தால் நன்றாகத் தெரியும். பாலைக் கருநிறக் குவளையிலும் கருப்பட்டிக் காப்பியை வெள்ளைக் கோப்பையிலும் கொடுங்கள். வீட்டுப் படிகளின் விளிம்பில் விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தால், விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து குறையும். கறுப்பு அட்டையில் ஒரு வரி தெரியும் அளவுக்குச் சந்து வெட்டிப் பக்கத்தின்மேல் வைத்தால், மற்ற வரிகள் மறைந்து, வாசிக்கும் வரி மட்டும் தெளிவாய் நிற்கும். இந்த அட்டைக்கு ஆகும் செலவு ஒரு பழைய பைல் அட்டைதான்.

பூதக்கண்ணாடி எல்லாருக்கும் ஒன்றல்ல

கடையில் கிடைக்கிற பூதக்கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிட்டு, "இதிலும் தெரியவில்லை" என்று கைவிடுகிறவர்கள் உண்டு. அதன் சக்தியை டயாப்டர் என்னும் அளவில் கணக்கிடுகிறார்கள். 5 டயாப்டர் கண்ணாடிக்குப் பொருளை 20 சென்டிமீட்டரில் வைக்கவேண்டும். 10 டயாப்டருக்கு 10 சென்டிமீட்டர். 20 டயாப்டருக்கு வெறும் 5 சென்டிமீட்டர். சக்தி கூடக்கூட, பிடிக்க வேண்டிய தூரமும் ஒரே பார்வையில் தெரியும் இடமும் குறையும். ஆகவே பெரிய சக்தியே நல்லது என்று எண்ணவேண்டாம். செய்யவேண்டிய வேலைக்குப் போதுமான மிகக் குறைந்த சக்தியே நல்லது.

கை நடுங்குகிறவர்கள் கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடியால் துன்பப்படுகிறார்கள். அவர்களுக்குக் கால் வைத்த பூதக்கண்ணாடி ஏற்றது. அதைத் தாளின்மேல் வைத்து நகர்த்தினால் போதும், தூரம் மாறாது. இரண்டு கையும் வேலைக்கு வேண்டிய தையற்காரருக்குச் சக்தி கூடிய மூக்குக்கண்ணாடி நல்லது. கரும்பலகையும் பஸ் எண்ணும் தெரியவேண்டியவர்களுக்குக் கையடக்கத் தொலைநோக்கி உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்வைப் பரப்பு சுருங்கிப்போனவர்களுக்குப் பெரிதாக்குவது உதவாமற் போகலாம். ஏற்கெனவே சிறிதாயிருக்கும் சன்னலில் ஒரே எழுத்து முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஆகையால்தான் அளந்து பார்க்காமல் கருவி கொடுப்பதை நாங்கள் விரும்புவதில்லை.

அடுப்பங்கரையும் மருந்துப் பெட்டியும்

முற்றிலும் பார்வையில்லாத பெண்கள் தினமும் சமைக்கிறார்கள். பாத்திரத்தை முதலில் அடுப்பின்மேல் நடுவாக வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அடுப்பைப் பற்றவைக்கவேண்டும் என்பது முதற்பாடம். சூடான காப்பியை ஊற்றும்போது விரலை உள்ளே விட்டுப் பார்க்க முடியாது. அதற்குக் கோப்பையின் விளிம்பில் மாட்டும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் உள்ளே தொங்கும். காப்பி அவற்றைத் தொட்டதும் ஒலி எழுப்பும்.

உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பாண்டு, சர்க்கரை டப்பாவுக்கு இரண்டு என்று போட்டுவிட்டால் தவறு நேராது. மருந்துக்கும் அதுவே வழி: காலை மாத்திரை டப்பாவுக்கு ஒன்று, இரவு மாத்திரைக்கு இரண்டு. அதைப் போடும்போது நோயாளி தன் கையாலேயே போடவேண்டும். நாம் போட்டுக்கொடுத்தால் அது நம் நினைவில் நிற்கும், அவர் நினைவில் நிற்காது. மெல்லிய கம்பி வளையம் வைத்த நூல் கோர்ப்பானைக் கொண்டு, கண்ணே இல்லாமல் விரலாலேயே ஊசியில் நூல் கோர்த்துவிடலாம்.

கையெழுத்துச் சட்டம் என்று ஒன்றுண்டு. கையெழுத்துப் போடுமளவுக்கு நீளமான சந்து வெட்டிய சிறு அட்டை, அவ்வளவே. படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அதை வைத்துவிட்டால், பேனா அந்தச் சந்துக்குள்ளேயே ஓடும். நாற்பது வருடம் பள்ளிப் பதிவேட்டில் கையெழுத்திட்ட ஒரு ஆசிரியர், பென்ஷன் வாங்கப் போன இடத்தில் மைப்பெட்டியைக் காட்டி "பெருவிரலை வையுங்கள்" என்று சொல்லப்படும்போது என்ன உணருவார் என்பதை நாங்கள் அருகிலிருந்து கண்டிருக்கிறோம். அந்த அட்டை அவருக்குத் தம் பெயரைத் திரும்பக் கொடுக்கிறது.

பணத்தை அறிதல்

பார்வையில்லாதவர் அதிகமாய் ஏமாற்றப்படுவது பணத்தில்தான். இப்போது வழங்கும் புதிய வரிசை நோட்டுகளில் 100 ரூபாய் நோட்டு 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளத்தில் நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கடைத்தெருவின் நெரிசலில் விரலால் அறிவது எளிதல்ல. ஆகவே நோட்டில் தடவி அறியும் அடையாளங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. 100 ரூபாயில் மேலெழும்பிய முக்கோணமும் ஓரங்களில் நான்கு சாய்ந்த கோடுகளும், 500 ரூபாயில் வட்டமும் ஐந்து கோடுகளும் உண்டு. 200 ரூபாயில் ஆங்கில எச் எழுத்தின் வடிவமும், நான்கு கோடுகளுக்கு இடையில் இரண்டு சிறு வட்டங்களும் உண்டு. புதிய நோட்டில் இவை விரலுக்குத் தட்டுப்படும். கசங்கிப்போன நோட்டில் தேய்ந்துவிடும்.

இதற்கு மூன்று உதவிகளைக் கற்றுக்கொடுக்கலாம். நோட்டின் நீளத்தை அளக்க, வெட்டுக் குறிகள் வைத்த அட்டை ஒன்று. ஒவ்வொரு நோட்டையும் வெவ்வேறு விதமாக மடித்துப் பையில் வெவ்வேறு அறையில் வைக்கும் பழக்கம் மற்றொன்று. கேமரா உள்ள கைபேசி இருக்கிறவர்களுக்கு, ரிசர்வ் வங்கி 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட மணி என்னும் செயலி உண்டு. நோட்டைக் கேமராவுக்கு முன் பிடித்தால் அது எத்தனை ரூபாய் என்று சொல்லும். நாணயங்களில் 2019-ஆம் ஆண்டில் வந்த 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கங்களோடு செய்யப்பட்டிருப்பதால், வட்டமான மற்ற நாணயங்களிலிருந்து அதைப் பிரித்தறியலாம்.

வெள்ளைக் கோல்

1921-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்னும் புகைப்படக்காரர், விபத்தில் பார்வை இழந்த பின், வண்டிக்காரர்களுக்குத் தெரியும்படி தம் கைத்தடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டார். 1931-இல் பாரிஸ் நகரில் கில்லி தெர்பமோன் என்னும் அம்மையார் வெள்ளைக் கோலை ஓர் இயக்கமாகவே பரப்பினார். அப்போது அது பிறருக்குக் காட்டும் அடையாளமாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்த ரிச்சர்டு ஹூவர் என்பவர், கோலை நீளமாகவும் லேசாகவும் செய்து, நடக்கிறவர் தமக்கு முன்னுள்ள தரையைத் தாமே அறியும் கருவியாக்கினார்.

கோலின் நீளம் தரையிலிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை இருக்கவேண்டும். தோள் அகலத்துக்குச் சற்று மிஞ்சி இடமும் வலமுமாக வீசி நடக்கவேண்டும். இடது கால் முன்வைக்கும்போது கோலின் முனை வலப்புறம் தொடவேண்டும். அடுத்து வலது கால் வைக்கவிருக்கும் இடத்தை அது முன்னதாகவே சோதித்துவிடும். எழுதும்போது எளிதாகத் தோன்றும் இந்த நடை உடம்பில் படிவதற்குப் பல நாள் பயிற்சி வேண்டும். மேலும், கோல் தரையைத்தான் அறியும். நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்பலகையையும், திறந்து கிடக்கும் சன்னல் கதவையும், தாழ்ந்த மரக்கிளையையும் அறியாது. இந்தக் குறையைத் தீர்க்க, டில்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி 2014-இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் என்னும் கருவி, ஒலியலைகளை அனுப்பி, முழங்காலுக்கு மேலே எதிர்ப்படும் தடைகளைக் கைப்பிடியின் அதிர்வினால் உணர்த்துகிறது.

பிரெய்லியும் பேசும் கைபேசியும்

நம் தேசத்தில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை 1887-ஆம் ஆண்டில் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையார் தொடங்கினார். அதற்கு மூன்று வருடம் கழித்து, 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அக்காலத்தில் மொழிக்கு மொழி வேறுபட்ட புள்ளிமுறைகள் எழுந்தன. 1951-இல் பாரதி பிரெய்லி என்னும் பொதுமுறை ஏற்பட்ட பின், ஆறு புள்ளிகளைக் கொண்டே எல்லா இந்திய மொழிகளையும் எழுத வழி உண்டாயிற்று.

இன்று கைபேசியே திரையிலுள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டுகிறது. அப்படியானால் பிரெய்லி எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. காதால் கேட்கிறவர் செய்தியை அறிந்துகொள்ளுவார். எழுத்துக்கூட்டவும், கணக்குப் போடவும், தாம் எழுதினதைத் தாமே திரும்ப வாசித்துத் திருத்தவும் பிள்ளைக்கு எழுத்து வேண்டும். முதிர்ந்த வயதில் பார்வை இழந்தவருக்கோ விரல் நுனியின் உணர்வு குறைந்திருக்கலாம், அதிலும் நீரிழிவு இருந்தால் இன்னும் குறையலாம். அவருக்குக் கைபேசியே உகந்தது. இங்கேயும் ஆளைப் பார்த்தே கருவி.

பரணுக்குப் போவது ஏன்?

மடக்கு ஊன்றுகோலும் கறுப்புக் கண்ணாடியும் பிரெய்லி கைக்கடிகாரமும் தமிழக அரசு இலவசமாய்க் கொடுத்து வருகிறது. மத்திய அரசும் 1981-ஆம் ஆண்டிலிருந்து அடிப் என்னும் திட்டத்தின் கீழ், குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்டவர்களுக்குக் கருவிகள் வழங்குகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்றளிக்கப்பட்டவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். அப்படியிருந்தும் வீடு வீடாய்ப் போகிற எங்கள் ஊழியர்கள், உறை பிரிக்காத கோலையும் டப்பாவை விட்டு வெளியே வராத பூதக்கண்ணாடியையும் காண்கிறார்கள்.

ஒரு காரணம் வெட்கம். கோலைப் பிடித்துத் தெருவில் இறங்கினால் ஊரார் அறிந்துவிடுவார்கள், மகளுக்கு வரன் வராது என்று அஞ்சுகிற தகப்பன்மார் உண்டு. அவர்களோடு வாதாடிப் பயனில்லை. ஏற்கெனவே கோல் பிடித்து வேலைக்குப் போய்வருகிற ஒருவரை அந்த வீட்டுக்கு அழைத்துச் செல்லுகிறோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம், நாங்கள் பேசும் பத்து நாட்களைவிட அதிகம் செய்கிறது.

மற்றொரு காரணம் பயிற்சியின்மை. முகாமில் வரிசையாய் நிறுத்திக் கோல் கொடுத்து, படம் எடுத்து, அனுப்பிவிட்டால், அதை எப்படிப் பிடிப்பதென்று யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாளே கால் தடுக்குகிறது. கோல் பரணுக்குப் போகிறது. பூதக்கண்ணாடிக்கும் முதல் வாரத்தில் கண் களைத்துத் தலைவலி வரும். தினமும் பத்து நிமிடம் என்று தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

மூன்றாவது காரணம், மறுபடியும் பார்க்காமல் விடுவது. பார்வை நின்ற இடத்தில் நிற்பதில்லை. போன வருடம் ஏற்றதாயிருந்த கண்ணாடி இந்த வருடம் போதாமற் போகலாம். மறுமுறை வர பஸ் செலவுக்கும், துணைக்கு வருகிறவரின் ஒருநாள் கூலிக்கும் வழியில்லாமல் நின்றுவிடுகிறவர்கள் பலர்.

ஆகையால் நண்பர்களே, கருவிக்கென்று நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு கருவி வாங்கச் செலவாகும். மீதி, பயிற்சியாளர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிற நாட்களுக்கும், நோயாளி திரும்பி வருகிற பஸ் செலவுக்கும் ஆகும். அந்தச் செலவைப் படம் எடுத்துக் காட்டமுடியாது. ஆனால் பரணிலுள்ள கோலுக்கும் தெருவிலுள்ள கோலுக்கும் வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

காணிக்கையோடு இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வை குறைந்த ஒரு முதியவர் இருக்கக்கூடும். நாளைக்கு அவருக்குச் சோற்றை வாழையிலையிலோ கருநிறத் தட்டிலோ பரிமாறிப் பாருங்கள். வாசற்படியின் விளிம்புக்கு மஞ்சள் அடியுங்கள். அவர் கையிலிருக்கிற வேலையை அன்பினால்கூடப் பிடுங்காதிருங்கள். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், அவரை ஒருமுறை எங்கள் குறைபார்வைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அவர் என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்டு, அங்கிருந்து தொடங்குவோம்.